26 அங்குலக் கணக்கு: க்ரூசர் பைக்கின் சக்கரம் வந்த கதை

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். காபி டம்ளரோடு உட்கார்ந்துகொள்ளுங்கள்.

விஷயம் மோட்டார் சைக்கிள் டயர். "டீச்சர், உங்களுக்கும் டயருக்கும் என்ன சம்பந்தம்?" என்று கமெண்டில் கேட்கத் துடிப்பவர்களுக்கு முன்கூட்டியே பதில் சொல்லிவிடுகிறேன். ஆசிரியர் பயிற்சி முடித்து வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் ரிட்டயர் ஆகும்வரை ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்குக் கணக்கும் அறிவியலும் எடுத்தவள் நான். வட்டம், விட்டம், காற்றழுத்தம் எல்லாம் என் பாடம்தான்.

என் அக்கா பேரன் மீட்டியர் 350 வாங்கி ஒரு வருஷம் ஆகிறது. வண்டியோடு வந்த அலாய் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, பழைய பாணியில் ஸ்போக்ஸ் கம்பிச் சக்கரம் போடப்போகிறானாம். பின்னால் 180 அகலத்தில் குண்டு டயர் வேண்டுமாம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டு, "எது நல்லா இருக்கும்?" என்று கேட்டான். ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். அவன் அப்பா குழுவில் எதுவும் சொல்லவில்லை. எனக்குத் தனியாகப் போன் போட்டு, "சித்தி, நான் சொன்னா எடுபடாது. நீங்க சொல்லுங்க" என்றான். அவன் சொன்னால் ஏன் எடுபடாது, அவன் ஏன் கவலைப்படுகிறான் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

நான் பேரனிடம் வேண்டும், வேண்டாம் என்று எதுவும் சொல்லவில்லை. "ஆச்சி ஒரு பதிவு எழுதுறேன், படிச்சுட்டு நீயே முடிவு பண்ணு" என்றேன். அந்தப் பதிவுதான் இது.

காற்றிலிருந்து ஆரம்பிப்போம். காற்றடைத்த டயரைக் கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டால் டன்லப் என்று எல்லாரும் சொல்வோம். நானும் வகுப்பில் அப்படித்தான் கேட்டிருக்கிறேன், டன்லப் என்று சொன்னவர்களுக்கு மார்க்கும் போட்டிருக்கிறேன். ஆனால் அவருக்கு 40 வருஷத்துக்கு முன்பே, 1845ல், ராபர்ட் வில்லியம் தாம்சன் என்கிற ஸ்காட்லாந்துக்காரர் அதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். அப்போது அவருக்கு வயது 23. ரப்பர் பூசிய கேன்வாஸில் ஒரு குழாய், அதன் மேல் தோலால் ஒரு உறை. குதிரை வண்டியில் மாட்டி லண்டனில் ஓட்டிக் காட்டினார். சத்தமும் இல்லை, குலுக்கலும் இல்லை. ஆனால் அன்றைக்கு சைக்கிளும் கிடையாது, மோட்டார் வண்டியும் கிடையாது. அதனால் அந்தக் காற்று மறந்துபோயிற்று.

ஜான் பாய்டு டன்லப் பெல்ஃபாஸ்டில் இருந்த கால்நடை மருத்துவர். அவருடைய சின்னப் பையனிடம் மூன்று சக்கர சைக்கிள் ஒன்று இருந்தது. கெட்டி ரப்பர் சக்கரம், கல் பாவிய தெரு. 1887ல் ஒரு மரத்தட்டைச் சுற்றி மெல்லிய ரப்பர் குழாயைக் கட்டிக் காற்றடைத்து முற்றத்தில் உருட்டிவிட்டார். பையனுடைய சைக்கிளின் கெட்டிச் சக்கரத்தையும் அதேபோல் உருட்டினார். கெட்டிச் சக்கரம் பாதியிலேயே சாய்ந்தது. காற்றுச் சக்கரம் முற்றத்தைத் தாண்டி எதிரே இருந்த கதவில் முட்டித் திரும்பியது. அடுத்த வருஷம் காப்புரிமை வாங்கினார். பிறகு தாம்சனின் பழைய காப்புரிமை வெளியே வந்ததும் டன்லப்பின் உரிமை செல்லாமல் போனது. ஆனால் பெயர் நிலைத்தது அவருக்குத்தான்.

இந்தக் காலத்தில்தான் ரப்பர் நம் பக்கமும் வந்தது. 1876ல் ஹென்றி விக்ஹாம் பிரேசிலிலிருந்து எழுபதாயிரம் விதைகளைக் கப்பலேற்றி லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அங்கே முளைத்த கன்றுகளில் பெரும்பகுதி இலங்கைக்கு வந்தது. அதிலிருந்து பெருகியவைதான் பிற்பாடு மலைச்சரிவுகளில் எல்லாம் தோட்டங்களாயின. இது தனிப் பதிவாக எழுத வேண்டிய விஷயம், இன்னொரு நாள் பார்ப்போம்.

இப்போது க்ரூசருக்கு வருவோம். க்ரூசர் என்றதும் கண்ணில் படுவது தாழ்ந்த இருக்கை, நீட்டி வைத்த கால், பின்னால் குண்டான டயர். அந்தக் குண்டு டயர் அழகுக்காக வந்தது என்று என் பேரன் நினைக்கிறான். அங்கேதான் கதை வேறு.

ஹார்லி டேவிட்சன் 1936ல் நக்கிள்ஹெட் என்று செல்லப்பெயர் பெற்ற பெரிய வண்டியை வெளியிட்டது. அதன் டயர் 4.00-18. அதாவது டயரின் அகலம் 4 அங்குலம், ரிம்மின் விட்டம் 18 அங்குலம். அந்தக் காலத்து டயர்களில் அகலமும் உயரமும் ஏறக்குறைய ஒன்று. 1940ல் அதே கம்பெனி, விருப்பப்பட்டவர்களுக்கு 5.00-16 டயர் தருவதாகச் சொன்னது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் நோட்டை எடுத்து எழுதுங்கள்:

18 + 4 + 4 = 26
16 + 5 + 5 = 26

வெளிவிட்டம் மாறவே இல்லை. இரும்பில் 2 அங்குலத்தைக் குறைத்து அந்த இடத்தைக் காற்றுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஏன்? அந்த வண்டிக்குப் பின்பக்கம் ஷாக் அப்சார்பர் கிடையாது. பின்சக்கரம் நேராகச் சட்டத்தில் பூட்டியிருக்கும். இருக்கைக்கு அடியில் ஒரு ஸ்பிரிங் இருக்கும், மற்றபடி பள்ளத்தை வாங்கிக்கொள்ள டயரை விட்டால் வேறு வழியில்லை. ஆகவே அந்தக் குண்டு டயர்தான் அந்த வண்டியின் ஷாக் அப்சார்பர். ஹார்லியின் பெரிய வண்டிக்குப் பின்பக்க ஷாக் அப்சார்பர் வந்தது 1958ல், டூயோ கிளைட் என்ற மாடலில். அதாவது 18 வருஷம் அமெரிக்க நெடுஞ்சாலைப் போலீசும் தொலைதூரம் போகிறவர்களும் இடுப்பைக் காப்பாற்றிக்கொண்டது அந்த ஒரு அங்குலக் கூடுதல் காற்றால்.

1958க்குப் பிறகு அந்தக் காரணம் போய்விட்டது, டயர் மட்டும் போகவில்லை. க்ரூசர் என்றால் பின்னால் 16 அங்குல ரிம், சுற்றிலும் தடித்த டயர் என்று மக்கள் கண்ணுக்குப் பழகிவிட்டது.

முன்சக்கரம் வேறு வழியில் வந்தது. போருக்குப் பிறகு கலிஃபோர்னியா இளைஞர்கள் கனத்த வண்டிகளை வாங்கி, வேண்டாதது என்று தோன்றியதை எல்லாம் வெட்டி எறிந்தார்கள். சாப்பர் என்ற பெயர் அப்படி வந்தது. முன்மட்கார்டு போயிற்று. தடித்த முன்சக்கரத்துக்குப் பதிலாக 21 அங்குல உயரத்தில் ஒல்லிச் சக்கரம் வந்தது. ஃபோர்க்கை நீட்டிச் சாய்த்தார்கள். 1969ல் வந்த 'ஈஸி ரைடர்' படத்தில் அமெரிக்கக் கொடி வரைந்த அந்த வண்டியைப் பார்த்திருப்பீர்கள். அதில் முன்பிரேக்கே கிடையாது. படத்தில் பார்க்க நன்றாக இருக்கிறது, நம் ஊர் பஸ் ஸ்டாண்டு முக்கில் அதை ஓட்டிப் பார்க்கட்டும்.

சாய்ந்த ஃபோர்க்கும் உயர்ந்த முன்சக்கரமும் ஒரு வேலையை மிக நன்றாகச் செய்யும். நேர்சாலையில் வண்டி தடம் மாறாமல் போகும், கையை லேசாக வைத்திருந்தால் போதும். 1956க்குப் பிறகு அமெரிக்காவில் கண்ணுக்கெட்டும் தூரம் நேராகப் போகும் பெருஞ்சாலைகள் போடப்பட்டன. அந்தச் சாலைக்கு அந்தச் சக்கரம் பொருந்தியது. முடுக்குச் சந்தில் திருப்பத்தான் மல்லுக்கட்ட வேண்டும்.

இந்தக் கூத்தை எல்லாம் கம்பெனி ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தது. ஹார்லியைத் தொடங்கியவர்களில் ஒருவரின் பேரன் வில்லி ஜி. டேவிட்சன். அவர் 1971ல் சூப்பர் கிளைட் என்று ஒரு வண்டி வரைந்தார். பெரிய வண்டியின் உடம்பு, சின்ன ஸ்போர்ட்ஸ்டரின் ஒல்லி முன்பாகம். முன்சக்கரம் 19, பின்சக்கரம் 16. தெருவில் பையன்கள் செய்ததைத் தொழிற்சாலையே செய்து விற்றது. 1970களின் கடைசியில் ஜப்பான்காரர்களும் பின்னால் 16 அங்குலம் போட்டு அதே ஜாடையில் வண்டி விட்டார்கள். நம் ஊரில் 2023ல் விற்பனைக்கு வந்த சூப்பர் மீட்டியர் 650ன் பக்கவாட்டில் எழுதியிருப்பதைப் பாருங்கள்: முன்னால் 19, பின்னால் 16. 52 வருஷத்துக்கு முந்தைய ஜோடி அப்படியே இருக்கிறது.

நம் ஊர் வண்டி வந்த வழி இன்னொன்று. 1955ல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கியது, திருவொற்றியூரில் புல்லட் செய்தார்கள். அதே திருவொற்றியூரில்தான் 1946ல் மாம்மன் மாப்பிள்ளை பொம்மை பலூன் செய்யத் தொடங்கினார். அந்தப் பலூன் கொட்டகைதான் எம்.ஆர்.எஃப். ஆனது. வண்டியும் டயரும் ஒரே ஊரில் வளர்ந்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான். பழைய புல்லட்டுக்கு முன்னாலும் 3.25-19, பின்னாலும் 3.25-19. நம் சாலைக்கு அதுவே சரி. குழியில் சின்னச் சக்கரம் விழும், பெரிய சக்கரம் ஏறித் தாண்டும். கூட்டிப் பாருங்கள், 19 + 3.25 + 3.25 = 25.5. இதுவும் கிட்டத்தட்ட அதே 26தான். தாழ்ந்த இருக்கை, பின்னால் 15 அங்குலச் சக்கரம் என்ற உருவம் நம் தெருவில் பரவலாகத் தென்பட்டது 2001ல் வந்த எலிமினேட்டர், 2005ல் வந்த அவெஞ்சர் இவற்றால்தான்.

இப்போது டயரில் எழுதும் முறை மாறிவிட்டது. 150/80-16 என்றால் அகலம் 150 மி.மீ., உயரம் அதில் 80 சதவீதம், அதாவது 120 மி.மீ., ரிம் 16 அங்குலம். மொத்த விட்டம் 406 + 120 + 120 = 646 மி.மீ. சுமார் 65 செ.மீ. புல்லட்டின் 25.5 அங்குலமும் சுமார் 65 செ.மீ.தான். 2018க்குப் பின் வந்த ஹார்லி ஃபேட் பாய்க்குப் பின்னால் 240/40-18 என்ற ராட்சச டயர். கணக்குப் போடுங்கள்: 457 + 96 + 96 = 649. அதுவும் 65 செ.மீ.! அகலம் புல்லட்டைப்போல மூன்று மடங்கு, உயரம் மட்டும் அதே உயரம்.

ஒரு நாள் ராத்திரி இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு எனக்குத் தூக்கம் வரவில்லை. எண்பது வருஷத்தில் வெளிவட்டம் அசையவே இல்லை. உள்ளே இரும்புக்கும் காற்றுக்கும் நடக்கிற பாகப்பிரிவினைதான் மாறிக்கொண்டே இருக்கிறது. 1940ல் காற்றுக்குக் கூடுதல் பங்கு கிடைத்தது. இன்றைய ராட்சச டயரில் அகலம் ஏறியதே தவிர ரிம்முக்கும் தரைக்கும் நடுவே உள்ள காற்று 127 மி.மீ.யிலிருந்து 96க்கு இறங்கிவிட்டது. பார்க்கக் குண்டு, ஆனால் பள்ளத்தில் விழுந்தால் தாங்கிக்கொள்ளப் பழைய 5.00-16 அளவுக்கு இடமில்லை.

இனி ஸ்போக்ஸ் கம்பி. மாட்டுவண்டிச் சக்கரத்தில் ஆரக்கால் கீழிருந்து முட்டுக்கொடுத்துத் தாங்கும். சைக்கிள் கம்பி முட்டுக்கொடுக்காது, எல்லாப் பக்கமும் இழுத்துப் பிடிக்கும். 1874ல் இங்கிலாந்தில் ஜேம்ஸ் ஸ்டார்லி கம்பிகளை ஹப்பிலிருந்து சாய்வாகக் குறுக்கும் நெடுக்குமாகக் கோத்தார். இன்றைக்கும் சைக்கிள் கடையில் கோட்டம் எடுக்கும்போது பார்க்கிற அதே பின்னல்தான். இலேசானது, குழியில் வளைந்து கொடுக்கும், வளைந்தால் நிமிர்த்தலாம். எனக்குக் கம்பிச் சக்கரம்தான் பிடிக்கும், அதை மறைக்க மாட்டேன்.

ஆனால் ஒவ்வொரு கம்பிக்கும் ரிம்மில் ஒரு ஓட்டை. ஓட்டை உள்ள ரிம்மில் காற்று நிற்காது, அதனால் உள்ளே ட்யூப் வேண்டும். ட்யூப் என்பது பலூன். ஆணி ஏறினால் கிழியும், ரிம்மின் ஓட்டைகள் வழியாகவும் வால்வு ஓரமாகவும் காற்று மளமளவென்று வெளியேறிவிடும். ட்யூப் இல்லாத டயரில் உள்பூச்சு ரப்பர் ஆணியைக் கவ்விக்கொள்ளும், காற்று மெல்ல மெல்லத்தான் இறங்கும். அமெரிக்காவில் குட்ரிச் கம்பெனியின் ஃபிராங்க் ஹெர்ஸெக் இதற்குக் காப்புரிமை பெற்றது 1952ல். 1955க்குள் அங்கே புதுக் கார்களில் அதுவே வழக்கமாகிவிட்டது. மோட்டார் சைக்கிளுக்கு அது வர வேண்டுமென்றால் ஓட்டையில்லாத ரிம் வேண்டும். அதைக் கொடுத்தது 1970களில் பரவிய வார்ப்புச் சக்கரம், நாம் அலாய் என்று சொல்வது. ராயல் என்ஃபீல்டு தொழிற்சாலையிலிருந்தே அலாயும் ட்யூப்லெஸ்ஸும் போட்டு விட்டது 2018ல், தண்டர்பேர்ட் எக்ஸ் வண்டிகளில். கார்களுக்கு வந்து அறுபது வருஷத்துக்கு மேல் கழித்து!

இப்போது அக்கா மகனின் கதை. 2009ல் அவனுக்குக் கல்யாணமாகிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன, பேரன் கைக்குழந்தை. ஒரு நாள் சாயங்காலம் நான்கு வழிச்சாலையில் தனியாக வந்துகொண்டிருந்தான். கம்பிச் சக்கரம் போட்ட வண்டி. பின்ட்யூப் படாரென்று போனது. எழுபது, எழுபத்தைந்து வேகம் இருக்கும் என்பான். வண்டியின் பின்பாகம் பாம்பு மாதிரி நெளிந்து அவனைத் தூக்கி எறிந்தது. இடது தொடையில் பிளேட் வைத்தார்கள். பதினொரு மாதம் வேலைக்குப் போகவில்லை. பேரன் நடை பழகியதும் அப்பா நடை பழகியதும் ஒரே வீட்டில், ஒரே வராண்டாவில். நான் கூடவே இருந்து பார்த்தவள். அவன் இன்றும் காலைச் சற்று இழுத்துத்தான் நடக்கிறான். மகனிடம் இதை அவன் சொல்வதில்லை. சொன்னால், "அது அந்தக் காலத்து வண்டிப்பா" என்று பதில் வருமாம். டேய் தம்பி, இப்போது நீ கழற்றப் பார்க்கிறது இந்தக் காலத்து வண்டியை, மாட்டப் பார்க்கிறது அந்தக் காலத்துச் சக்கரத்தை.

கம்பி அழகும் வேண்டும், ட்யூபும் கூடாது என்றால் வழி இல்லாமல் இல்லை. 1987ல் பி.எம்.டபிள்யூ. கம்பிகளை ரிம்மின் நடுவில் கோக்காமல் விளிம்பில் கோத்தது. நடுவில் ஓட்டையில்லை, ட்யூபும் தேவையில்லை. விலைதான் அதிகம். காசு சேர்த்து அதை வாங்கினால் ஆச்சி ஒன்றும் சொல்ல மாட்டேன்.

அடுத்தது அந்த 180. பேரன் கெட்டிக்காரன். "ஆச்சி, இப்ப இருக்கிறது 140/70-17. 180/55-17 போட்டா விட்டம் ஒண்ணுதான்" என்று கணக்கோடு வந்தான். சரியான கணக்கு. ஒன்று 628 மி.மீ., மற்றது 630. ஆனால் 140க்கு 4 அங்குல அகல ரிம் அளவானது, 180க்கு 5 அங்குலமாவது வேண்டும். குறுகிய ரிம்மில் மாட்டினால் ஓரங்கள் உள்ளே இழுபட்டு, முதுகு கூன் விழுந்த மாதிரி ஆகிவிடும். கம்பெனி வடிவமைத்த தரைப்பிடி கிடைக்காது. ரிம்மையும் மாற்றினால் செயின் உரசும், ஸ்விங் ஆர்ம் இடிக்கும்.

அதையும் வெட்டி ஒட்டிச் சரிசெய்கிற மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். ஆனால் பௌதிகத்தை வெட்டி ஒட்ட முடியாது. வண்டி சாயும்போது டயர் தரையைத் தொடும் இடம் நடுவிலிருந்து ஓரத்துக்கு நகரும். டயர் அகலமாக ஆக அது இன்னும் தூரம் நகரும். ஒரே வேகத்தில் ஒரே வளைவைத் திரும்ப, அகல டயர் வண்டியைக் கூடுதலாகச் சாய்க்க வேண்டும். வண்டியோ சாய மாட்டேன் என்று நிமிரப் பார்க்கும். க்ரூசருக்குக் கால் வைக்கும் கட்டை ஏற்கெனவே தாழ்வு, அது தரையில் உரசும். 240 போட்ட வண்டியைச் செய்தவர்கள் சட்டம், ஃபோர்க், ரிம் எல்லாவற்றையும் அதற்கென்றே செய்தார்கள். டயரை மட்டும் எடுத்து வந்து இதில் வைத்தால் ஒத்துப்போகாது.

என்னிடம் படித்த ஒருவன் இப்போது பைபாஸில் டயர் கடை வைத்திருக்கிறான். க்ரூசர் டயர் எப்படித் தேய்கிறது என்று கேட்டேன். "நடுவுல மட்டும் தட்டையாயிடும் டீச்சர், நேரா நேராவே ஓட்டுறாங்கல்ல" என்றான். ஓரத்தில் பட்டன் புதுசாக இருப்பதைப் பார்த்து ஏமாறக்கூடாதாம், நடுவில் கைவைத்துப் பார்க்க வேண்டுமாம். நடு தட்டையான டயர் வளைவில் சாயும்போது ஒரு படி தடுக்கி இறங்குகிற மாதிரி இருக்கும் என்றும் சொன்னான்.

அவனே காட்டிய இன்னொரு விஷயம், டயரின் பக்கவாட்டில் ஒரு சின்ன நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்கம். 2319 என்றிருந்தால் 2019ஆம் வருஷத்து 23ஆவது வாரம் செய்தது. தள்ளுபடி என்று யாராவது விலை குறைத்துக் கொடுத்தால் முதலில் அந்த எண்ணைப் பாருங்கள். அளவுக்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டு இலக்கம் எடை தாங்கும் குறியீடு. 66 என்றால் அந்த டயர் 300 கிலோ தாங்கும். இருவர் போய், பெட்டியும் கட்டுகிறவர்கள் புது டயர் வாங்கும்போது பழையதன் குறியீட்டை விடக் குறைந்ததை வாங்காதீர்கள்.

பழைய புல்லட் வைத்திருக்கும் மாணவர்கள் ஒரு உதவி செய்யுங்கள். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டு, பின்சக்கரத்தைச் சுற்றி ஒரு நூலைக் கட்டி, சுற்றளவை அளந்து கமெண்டில் எழுதுங்கள். 22ஐயும் 7ஐயும் வைத்து விட்டம் கண்டுபிடிப்பதை நான் பார்த்துக்கொள்கிறேன். காற்று அடித்த பிறகு அளக்கவும்.